சிலம்பு தின்ற குடி

படுவான்கரையில், வாவி ஓரத்து மருதந்துறையில் கதிர்காமத்தம்பி என்று ஒருவர் இருந்தார். வாவியில் மட்டி அள்ளிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றார். வெறுமனே விற்றார் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அந்தக் காலத்தில் மட்டக்களப்புப் பக்கம் கட்டிய கோவிலாகட்டும், பள்ளிவாசலாகட்டும், மாதா கோவிலாகட்டும், சுவரைச் சுரண்டினால் அவருடைய சுண்ணாம்புதான் உதிரும். வெற்றிலை போடுகிறவர்கள் நாக்கில் உறைப்பதும் அதேதான்.

"என்ட பேர் தெரியாதவன் ஊரில இருக்கலாம். என்னைத் தின்னாதவன் ஒருத்தனும் இல்ல" என்பார்.

படிப்பு என்று பார்த்தால் ஒரு சிலேட்டின் ஆயுள்தான். சிலேட் உடைந்தது, புதுச் சிலேட்டுக்கு வீட்டில் வழியில்லை, படிப்பும் அதோடு சரி. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மட்டி அள்ளத் தொடங்கினார். பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேய்ந்தவர்களுக்கு இந்த அருமை விளங்காது. தகப்பன் இல்லாத பையன் இரவல் தோணியில் தொடங்கி, சொந்தத் தோணிக்கு வந்து, சூளை வைத்து, கடைசியில் மருதந்துறையின் முதல் ஓட்டு வீட்டுக்கும் வந்து சேர்ந்தான். வீடு என்னவோ மனைவி சீதேவியின் சீதன வீடுதான். ஓடு மட்டும் அவருடையது. அந்த ஓட்டைப் பார்ப்பதற்காகவே பின்னேரங்களில் முற்றத்துக்கு வந்து நிமிர்ந்து நிற்பார்.

இத்தனை பெரிய மனிதர் வருசத்தில் ஒருநாள் மட்டும் கூனிக் குறுகிப் போவார். அது கண்ணகை அம்மன் கோவிலின் வைகாசிச் சடங்கு முடிகிற நாள்.

அன்று கோவில் முற்றத்தில் குடி கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்தில் குடி என்பது தாய்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோவில் பொறுப்பாளரான வண்ணக்கர் ஒவ்வொரு குடியின் பேரையும் சொல்லிக் கூப்பிட, அந்தக் குடியின் மூத்தவர் முன்னுக்கு வந்து வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் வாங்குவார். அதற்குக் காளாஞ்சி என்று பேர். முதலில் பொன்னாச்சி குடி. வண்ணக்கர் வினாயகமூர்த்தி அந்தக் குடி. கதிர்காமத்தம்பியின் மனைவி சீதேவியும் அதே குடிதான், வண்ணக்கருக்குச் சின்னம்மா மகள். அதற்குப் பிறகு மற்றக் குடிகள் வரிசையாக வரும். எல்லாம் முடிந்த பிறகு வண்ணக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மத்தாக்களும் வாங்க" என்பார்.

அந்த மத்தாக்கள், அதாவது மற்ற ஆட்கள்தான் கதிர்காமத்தம்பியின் குடி. சிங்காத்தை குடி என்று அழகான பேர் இருந்தது. கோவிலில் அந்தப் பேரைச் சொல்வதில்லை. கோவிலுக்கு வெளியே ஊரார் அதற்கு வேறு பேர் வைத்திருந்தார்கள்: சிலம்பு தின்ற குடி.

கதை இதுதான். போர்த்துக்கேயப் பறங்கியர் கோவில்களை இடித்துக்கொண்டு வந்த காலத்தில் இந்தக் கோவிலில் பூசை செய்த கட்டாடியார் சிங்காத்தை குடி. பறங்கிப் படை துறையில் இறங்கிவிட்டது என்று கேட்டதும், அம்மனுடைய வெள்ளிச் சிலம்பை மடியில் கட்டிக்கொண்டு ஓடினார். படை போன பிறகு ஆள் திரும்பி வந்தார். சிலம்பு வரவில்லை. வந்த கையோடு காய்ச்சலில் விழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் செத்தும் போனார். சாராயத்துக்கு விற்றுத் தின்றுவிட்டார் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. பறங்கி போய், ஒல்லாந்தன் வந்து போய், வெள்ளைக்காரன் வந்து உட்கார்ந்த பிறகும் தீர்ப்பு மாறவில்லை.

ஒரு வருசம் கோவிலுக்குப் புது மதில் கட்டினார்கள். சுண்ணாம்பு முழுவதையும் கதிர்காமத்தம்பி இனாமாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சடங்கன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அந்த வருசமும் "மத்தாக்களும் வாங்க" தான்.

"மச்சான், நான் மத்தாளா?" என்று முற்றம் கேட்கக் கேட்டார். "உங்கட மதில் ஆர்ர மட்டியில நிக்கிது?"

வினாயகமூர்த்தி ஒல்லியான, எண்ணெய் போட்டதுபோல வழுவழுப்பான மனிதர். கோபமே வராது. அதுதான் அவரிடம் பெரிய கோபமூட்டும் குணம்.

"மச்சான், சுண்ணாம்பு தந்தீங்க, சந்தோசம். சுண்ணாம்பைத் தின்ட குடி எண்டு ஆரும் சொல்லல்லையே. சிலம்பைக் கொண்டாங்க. பேர் சொல்லிக் கூப்பிடுறன்."

முற்றம் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து சீதேவியும் சிரித்தது அவர் காதில் விழுந்தது.

"அடுத்த வைகாசிக்குள்ள சிலம்பு இந்த முற்றத்தில இருக்கும்" என்றார் கதிர்காமத்தம்பி. "இல்லாட்டி நான் இந்த முற்றத்தில இருக்கமாட்டன்."

சொன்ன வாயோடு வீட்டுக்கு வந்து சோறு தின்றார். தின்ற பிறகுதான், எங்கே போய்த் தேடுவது என்ற யோசனை வந்தது.

ஊரில் ஆளுக்கொரு சரித்திரம் வைத்திருந்தார்கள். சிலம்பை முதலை விழுங்கியது என்றார்கள் மீன்காரர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டை ஒன்றில் புதைந்திருக்கிறது, அதனால்தான் அந்த வயல் இப்படி விளைகிறது என்றார்கள் வயல்காரர். அந்த வட்டைக்குச் சொந்தக்காரர் மட்டும், தன் வயலில் ஒன்றுமில்லை, அது எருவின் விளைச்சல் என்று சத்தியம் செய்தார். அம்மனே வந்து காலில் போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்றார் ஒருவர். அப்படியானால் மற்றக் காலுக்கு என்ன செய்தாள் என்று கதிர்காமத்தம்பி கேட்டார்.

முதலில் வாவியைப் பார்த்தார். மட்டி அள்ளுகிற ஆட்களுக்கெல்லாம், கூடையில் எது வந்தாலும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று கட்டளை. ஒல்லாந்தன் குடித்துவிட்டு எறிந்த போத்தல், சட்டிமூடி, யாரோ தொலைத்த பாக்குவெட்டி, முதலைப் பல் என்று வந்து குவிந்தன. முதலைப் பல்லைக் கண்டதும் மீன்காரர் துள்ளினார்கள். "பல்லு வந்திட்டு, வயிறும் வரும்" என்றார்கள். வயிறு வரவில்லை.

பிறகு குளக்கட்டில் கிடந்த ஒரு கல்லில் கண் விழுந்தது. கல் முழுக்கக் கோடு கோடாக இருந்தது. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, வரிசையாக. பண்டைக்கால எழுத்து இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு நிச்சயமாகப் பட்டது. வாசிக்க வேறு ஆள் வேண்டாம், கோடு சாய்கிற திசையில் புதையல் என்று தாமே வாசித்து முடித்தார். ஆள் வைத்துத் தோண்டினார். குழி இடுப்பளவு ஆனபோது பக்கத்து வயல்காரர் கனகசிங்கம் கத்தியோடு வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, அந்தக் கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைச் சாய்த்து வைத்துச் சறுக்கு சறுக்கென்று தீட்டினார். கல்லில் இன்னொரு எழுத்து விழுந்தது.

"எங்கட அப்பா தீட்டின கல்லு. நல்ல பதம் ஏறும்" என்றார். "உங்களுக்கும் கத்தி ஏதும் இருக்கா?"

அன்றோடு கல்வெட்டு ஆராய்ச்சி முடிந்தது.

வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். சூளையில் நெருப்பு நின்றுபோனாலும் சாம்பலைக் கிளறிப் பார்க்கிற மனிதர் அவர். யோசித்தார். வெற்றிலையை மென்று மென்று யோசித்தார். அப்படித்தான் ஒரு பெரிய உண்மை பிடிபட்டது. அதை முதலில் கேட்டவர் பல்தசார்.

பல்தசார் பட்டணத்துப் பறங்கித் தச்சன். வீட்டில் பறங்கிப் பாசை, வெளியில் நல்ல மட்டக்களப்புத் தமிழ். கதிர்காமத்தம்பிக்குத் தோணி செய்து கொடுக்க வந்து, தோணி முடிந்த பிறகும் சூளையடியில் பேசிக்கொண்டிருப்பார்.

"பல்தசார், நாமெல்லாம் பிழையான இடத்தில தேடினம். சிலம்பைத் தேடப்படாது. ஆளைத் தேடணும்."

"ஆள் செத்து முந்நூறு வருசம் இருக்குமே ஐயா."

"ஆள் செத்தா ரெத்தம் சாகுமா? அவர் சிங்காத்தை குடி. நானும் சிங்காத்தை குடி. தாய்வழியில அதே ரெத்தம் எனக்குள்ள ஓடுது. பயந்து ஓடுறவன் யோசிச்சு ஓடமாட்டான், ரெத்தம் இழுக்கிற பக்கம்தான் ஓடுவான். என்னைப் பயப்படுத்தித் துரத்தினா, அவர் ஒளிச்ச இடத்திலதான் நான் போய் ஒளிப்பன். விளங்குதா?"

பல்தசார் உளியைக் கீழே வைத்தார். "ஆர் துரத்துறது?"

"பறங்கிதான். அதுக்குத்தானே நீ இருக்கிறாய்."

"ஐயா, என்ட முப்பாட்டன் உங்கட சிலம்பை எடுக்கல்ல. எடுத்திருந்தா நான் என்னத்துக்கு உங்கட தோணியைச் சீவுறன்?"

"எடுக்கல்ல எண்டுதானே நானும் சொல்லுறன்! அதைக் காட்டத்தான் துரத்தச் சொல்லுறன்."

இந்த நியாயத்துக்குப் பல்தசார் இணங்கினார். கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மரத்தில் ஒரு வாள் செதுக்கிக்கொண்டு குறித்த நாளில் வந்தார். அறுவடை முடிந்த சமயம், ஊரில் வேலை இல்லை. எல்லோரும் பார்க்க வந்துவிட்டார்கள். கதிர்காமத்தம்பி இரண்டு சிரட்டையைச் சேர்த்துக் கட்டி, உள்ளே மட்டிச் சிப்பி போட்டு, சிலம்பின் கனத்துக்குச் சரியாக மடியில் கட்டிக்கொண்டார். கோவில் வாசலில் நின்று கும்பிட்டார். ஓடினார்.

ஓட்டம் சரிவரவில்லை. ஊரில் பெரிய மனிதர் என்ற நினைப்பு அவரை ஓட விடவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக ஓடினார். எதிரே வந்தவர்கள் "எங்க போறீங்க?" என்று கேட்க, நின்று மறுமொழி சொன்னார். ஒரு வேலியடியில் நின்று வெற்றிலையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். பல்தசாரும் மரியாதைக்குப் பின்னாலேயே நின்றார்.

"ஐயா, இது பயம் இல்ல. இது கலியாண ஊர்வலம்."

"நீ சரியாத் துரத்தினாத்தானே பயம் வரும்!"

"உங்களுக்கு ஆரைக் கண்டா பயம்?"

"எனக்கா? எனக்கு ஒருத்தரைக் கண்டும் பயமில்ல."

பல்தசார் அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு கையைக் குவித்து வாயில் வைத்து, ஊர் அதிரக் கத்தினார்: "சீதேவி அக்கா வாறா! உலக்கையோட வாறா!"

பொய்யில்லை. சடங்குக்கென்று வாங்கிய புது வேட்டியை இந்தக் கூத்துக்கு எடுத்துக் கட்டிக்கொண்டு போன செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, நெல் குற்றிக்கொண்டிருந்த சீதேவி, குற்றிய உலக்கையோடு தெருவுக்கு வந்திருந்தாள்.

அப்போது ஓடினார் பாருங்கள், அது ஓட்டம். முன்னால் நின்ற மாடு விலகியது. கனகசிங்கத்தின் வேலி விழுந்தது. வேட்டி ஈச்சம் பற்றையில் சிக்கி, அரைவாசி அங்கேயே தங்கிவிட்டது. வலப்பக்கம் சூளை, இடப்பக்கம் துறை. இரண்டு பக்கமும் போகாமல் நேரே ஓடி, ஊரின் பழைய வளவு ஒன்றுக்குள் பாய்ந்து, முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கையில் மடியிலிருந்த சிரட்டையைத் திணித்தார்.

"மச்சாள்! இதை வச்சிருங்க! ஆர் கேட்டாலும் சொல்லாதீங்க!"

அந்தப் பெண் அன்னப்பூரணி. வண்ணக்கர் வினாயகமூர்த்தியின் கூடப்பிறந்த அக்கா. அந்த வளவு பொன்னாச்சி குடியின் தாய்வீடு. சீதேவியை அடக்கக்கூடிய ஒரே ஆள் ஊரில் அவள்தான் என்பதால்தான் கால் அங்கே இழுத்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். கதிர்காமத்தம்பி அந்த முற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது அவர் தலைக்குள் விளக்கு ஏற்றியதுபோல எல்லாம் வெளிச்சமாயிற்று.

ஓடுகிற ஆண்பிள்ளை மண்ணைத் தோண்டிக்கொண்டு நிற்பானா? தண்ணீரில் எறிவானா? மாட்டான். வீட்டுக்கு ஓடுவான். கலியாணம் முடித்த ஆணுக்கு வீடு என்பது மனைவியின் வீடு. கையில் இருப்பதை அங்கே உள்ள பெண்ணிடம் கொடுப்பான்.

"மச்சாள், ஒரு கதை கேக்கிறன். பறங்கி காலத்துக் கட்டாடியார் எங்க கலியாணம் முடிச்சவர்?"

"இஞ்சதான். எங்கட வீட்டிலதான்" என்றாள் அன்னப்பூரணி. "அந்தக் கதையை நாங்க வெளியில சொல்லுறல்ல. உங்கட குடியைச் சேர்ந்தவர் எண்டு வெக்கம்."

"அவர் இஞ்ச ஏதும் கொண்டுவந்து தந்தாரா? வெள்ளிச் சாமான்? உள்ளுக்குக் கல்லுப் போட்டது? ஆட்டினாச் சத்தம் கேக்கிறது?"

அன்னப்பூரணி கையிலிருந்த சிரட்டையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். கிலுகிலுவென்றது.

"இந்த மாதிரியா? ஓ, எங்கட கிலுக்கைச் சொல்லுறீங்களா?"

இதற்குள் ஊர் முழுவதும் வளவுக்குள் வந்துவிட்டது. உலக்கையோடு சீதேவியும், மூச்சிரைக்கப் பல்தசாரும், செய்தி கேட்டு வண்ணக்கரும். அன்னப்பூரணி உள்ளே போய், ஏணைத் தொட்டிலில் கிடந்த தன் பேத்தியின் கையிலிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வீரிட்டது.

கறுத்துப்போன வெள்ளி. உள்ளே குடைவாக, வளைந்து, இரண்டு முனையும் கூடாமல், பெரிய ஒரு காலுக்கு அளவாக. ஆட்டினால் உள்ளே எதுவோ உருண்டது.

"இது தலைமுறை தலைமுறையா எங்கட குடிப் பிள்ளைகள் அழுதா ஆட்டுற கிலுக்கு. எங்க பிள்ளை பிறக்குதோ அந்த வீட்டுக்குப் போகும். பிள்ளை வளர்ந்தாத் திரும்பி வரும். சீதேவி வீட்டுக்கும் வந்ததே!"

கதிர்காமத்தம்பிக்கு ஞாபகம் வந்தது. மூத்தவன் அழுத காலத்தில் அவரே அதை ஆட்டியிருக்கிறார். ஆட்டிக்கொண்டே தூங்கிவிழ, அது கால் பெருவிரலில் விழுந்து நகம் கறுத்து, சனியன் என்று அதைத் தூக்கி மூலையில் எறிந்துமிருக்கிறார். அந்த ஞாபகத்தை உடனே விழுங்கினார்.

கோவிலின் இப்போதைய கட்டாடியார் கூப்பிடப்பட்டு வந்தார். வாங்கிப் பார்த்தார். "சிலம்புதான்" என்றார். "அம்மன்ட சிலம்பா எண்டுதான் தெரியல்ல. உள்ளுக்கு மாணிக்கம் இருந்தா அம்மன்ட. கல்லு இருந்தா வேற ஆர்ரயும்."

"அப்ப உடைச்சுப் பாப்பம்" என்றார் கதிர்காமத்தம்பி.

"உடைக்கிறதா!" வண்ணக்கருக்கே முதல்முறையாகச் சத்தம் உயர்ந்தது. "அம்மன் ஒருக்காச் சிலம்பை உடைச்சுத்தான் மதுரை எரிஞ்சது. உங்கட வீடு ஓடு, நீங்க உடைப்பீங்க. எங்கட வீடெல்லாம் ஓலைக் கிடுகு!"

கிடுகு வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே குரலில் வண்ணக்கரை ஆமோதித்தார்கள். அம்மனுடைய சிலம்பு என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. முனைகளில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. கட்டாடியார் அவற்றைத் தடவி, ஏதும் எழுத்தோ என்று கேட்டார்.

"எழுத்தில்ல, பல்லு" என்றாள் அன்னப்பூரணி. "பல்லு முளைக்கிற பிள்ளையள் கடிச்சது. இந்தப் பெரிய பள்ளம் இந்தா நிக்கிறானே தம்பி, இவன்ட. இவனைப்போலக் கடிச்ச பிள்ளை எங்கட குடியில இல்ல."

ஊர் வண்ணக்கரைப் பார்த்தது. வண்ணக்கர் வாயை மூடிக்கொண்டார். பல் தெரியக்கூடாது என்று மூடியதுபோல இருந்தது.

கதிர்காமத்தம்பி அரை வேட்டியோடு முற்றத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றார். "இப்பச் சொல்லுங்க, ஆக்களே! சிலம்பு தின்ட குடி எது?"

சிரித்த சிரிப்பில் மிளகாய்ப் பாய் மிதிபட்டது. பல்தசார் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார். கனம் தாங்கவில்லை. பரவாயில்லை என்று கதிர்காமத்தம்பி நடந்தே வீட்டுக்குப் போனார். அப்படி ஒரு நடை அவர் வாழ்நாளில் நடந்ததில்லை. இனி மத்தாள் இல்லை. முந்நூறு வருசத்துப் பழியை மூன்றாம் வகுப்புத் தாண்டாத ஒருவர் வேலி பாய்ந்து துடைத்துவிட்டார்.

வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"இஞ்சேர் புள்ள, கதவைத் திற. சிலம்பு கண்டுபிடிச்சவன் வந்திருக்கிறன்."

"நீங்க எந்தக் குடி?" என்று உள்ளிருந்து கேட்டாள் சீதேவி.

"இதென்ன கேள்வி? சிங்காத்தை குடி."

"நான் எந்தக் குடி?"

"பொன்னாச்..." என்று தொடங்கி, பாதியில் நின்றார்.

"என்ட பிள்ளையள் எந்தக் குடி?"

கதிர்காமத்தம்பி அரை வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"உங்கட தங்கச்சி பிள்ளைகள்ற முகத்தைக் கழுவிப்போட்டு, உங்கட பிள்ளைகள்ற முகத்தில கரியைப் பூசிட்டு வந்திருக்கிறீங்க. துறையடியில பெரியவனைச் சிலம்பு கடிச்சவன் எண்டு கூப்பிட்டாச்சாம். சின்னவளுக்குப் பேசி வந்த இடத்தில இனி என்ன சொல்லுவாங்க? திருட்டுக் குடியில பொம்பிளை எடுக்கிறதா எண்டு கேப்பாங்க. போங்க. உங்கட தங்கச்சி வீட்ட போய் நிமிர்ந்து நில்லுங்க."

"சீதேவி, இது நான் கட்டின வீடு..."

"ஓடுதான் உங்கட. வேணுமெண்டாக் கழட்டிக் கொண்டு போங்க!"

அண்ணாந்து பார்த்தார். முதல் தடவையாக அந்த ஓடு அவருக்கு அழகாகத் தெரியவில்லை.

தங்கை வீட்டுக்குப் போனால் ராச மரியாதைதான். அவளுடைய பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அங்கே போக மனமில்லை. சூளையடிக் கொட்டிலில் போய்ப் படுத்தார். சுண்ணாம்புத் தூள் நாசியில் ஏறித் தும்மிக்கொண்டே கிடந்தார். வைகாசி நெருங்கியது. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. வண்ணக்கர் பதவியை விடப்போகிறார் என்ற பேச்சும் எழுந்தது.

"சொன்னதைச் செஞ்சிட்டீங்களே ஐயா, மறுகா என்ன கவலை?" என்றார் பல்தசார்.

"பல்தசார், பழி எண்டது மண்மூட்டை மாதிரி. என்ட முதுகில இருந்து இறக்கினன், சரி. அது கீழ விழும் எண்டு நினைச்சன். அது பக்கத்தில நிண்ட என்ட பெண்சாதி தலையில விழுந்திட்டு."

"அப்ப சரித்திரத்தை மாத்துங்க."

"மாத்தினா நான் மறுபடி மத்தாள்."

பல்தசார் ஏணையில் அழுத அன்னப்பூரணியின் பேத்திக்காக மரத்தில் ஒரு கிலுக்குச் செய்துகொண்டிருந்தார். சிலம்பைக் கோவிலுக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அந்தப் பிள்ளை ஓயவில்லை. மரக்கிலுக்கைக் கொடுத்தால் தூக்கி எறிகிறதாம். "பழக்கம் அப்படி, அம்மன்ட சிலம்பில வளர்ந்த பிள்ளை" என்று அலுத்துக்கொண்டார் பல்தசார்.

கதிர்காமத்தம்பி மெல்லுவதை நிறுத்தினார். எழுந்து உட்கார்ந்தார்.

சடங்கின் கடைசி நாள் முற்றம் கொள்ளாத கூட்டம். குடி கூப்பிட வண்ணக்கர் எழும்பினார். முதலில் தன் குடியைச் சொல்ல வேண்டும். வெற்றிலையை அடுக்கி அடுக்கி வைத்தார். கூட்டத்தில் யாரோ கடிக்கிறதுபோலப் பல்லை நறநறத்தார்கள். கதிர்காமத்தம்பி முன்னுக்கு வந்தார்.

"மச்சான், கூப்பிட முந்தி ஒரு கதை. நான் அரைச் சரித்திரம்தான் சொன்னன். மற்ற அரையையும் கேளுங்க. கட்டாடியார் பயந்து ஓடி, பெண்சாதி கையில சிலம்பைக் குடுத்தார். பின்னால பறங்கி வந்திட்டான். அவ என்ன செய்வா? பெட்டிக்குள்ள வச்சா பெட்டியைப் பாப்பான். பானைக்குள்ள வச்சா பானையை உடைப்பான். கூரைக்குள்ள செருகினா ஈட்டியால குத்துவான். அவ புத்திசாலி. ஏணையில கிடந்த பிள்ளையின்ட கையில குடுத்திட்டா. பறங்கி உள்ளுக்கு வாறான். வீடெல்லாம் பிரட்டுறான். பிள்ளை கிலுக்கு ஆட்டுது. அவனுக்கும் ஊரில பிள்ளை இருந்திருக்கும். சிரிச்சிட்டுப் போயிருப்பான்."

"ஓம் ஓம்" என்றார் கூட்டத்திலிருந்து பல்தசார். "எங்கட ஆக்கள் பிள்ளைகளோட நல்லம்."

"புருசன் காய்ச்சலில போயிட்டார். வெளியில சொன்னாப் பறங்கி திரும்பி வருவான் எண்டு அவ சாகுமட்டும் வாய் திறக்கல்ல. வாய் திறக்காத பொம்பிளை ஒருத்தி இந்த ஊரில இருந்திருக்கா. அதுதான் அம்மன்ட அற்புதம்."

பெண்கள் பக்கத்தில் பெரிய சலசலப்பு எழுந்தது. அவர் குரலை உயர்த்தினார்.

"முந்நூறு வருசம் பொன்னாச்சி குடிப் பிள்ளைகள் அந்தச் சிலம்பைக் கையை விட்டு விடல்ல. கைக்குள்ள அடங்காட்டி வாயால பிடிச்சுக்கொண்டாங்க! அது பல்லடையாளம் இல்ல, காவல் முத்திரை. என்ட பிள்ளையள்ற பல்லும் அதில கிடக்கு. ஒருத்தரும் தின்னல்ல. குடுத்தது என்ட குடி, காத்தது என்ட பெண்சாதி குடி."

இது நல்ல சரித்திரம் என்று கனகசிங்கம் சொன்னார். தங்கள் வீட்டிலும் அப்படித்தான் கேள்விப்பட்டதாக இரண்டு கிழவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அன்னப்பூரணி மூக்கைச் சிந்தினாள். கட்டாடியார் சிலம்பை எடுத்து ஆட்ட, கூட்டத்தின் ஓரத்தில் அழுதுகொண்டிருந்த பேத்தி சட்டென்று அடங்கியது. அதற்கு மேல் சாட்சி யார் கேட்பார்கள்?

வண்ணக்கருக்கு வழுவழுப்புத் திரும்பி வந்தது. தொண்டையைச் செருமினார்.

"சிலம்பு காத்த பொன்னாச்சி குடி!"

தன் குடிக்குத் தானே காளாஞ்சி எடுத்து வைத்தார். அடுத்ததாக, முந்நூறு வருசமாகக் கேட்காத பேர் முற்றத்தில் கேட்டது.

"சிலம்பு கொடுத்த சிங்காத்தை குடி! மூத்தவர் கதிர்காமத்தம்பி!"

முன்னுக்குப் போனார். இரண்டு கையையும் நீட்டி வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் வாங்கினார். கண் கலங்கியது உண்மை. ஆனால் வாங்கிய கையோடு திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார்.

"மச்சான், ஒரு நியாயம் கேக்கிறன். குடுத்தாத்தானே காக்கலாம்? குடுத்தது முந்தியா, காத்தது முந்தியா? வரிசையில எங்களை ஏன் ரெண்டாவதாக் கூப்பிட்டீங்க?"

வண்ணக்கர் வானத்தைப் பார்த்தார். கூட்டம் மறுபடியும் இரண்டாகப் பிரிந்து முணுமுணுக்கத் தொடங்கியது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சீதேவியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்க, தந்ததை வாங்கிக்கொண்டு வாங்க. வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கு. ரெண்டாவதா வந்தாலும் உள்ளுக்கு விடுவன்."

கதிர்காமத்தம்பி வண்ணக்கரைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், பெண்கள் பக்கத்தைப் பார்த்தார். நியாயத்தை அடுத்த வருசத்துக்கு ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.